மீட்டர் பேசாத இடம்

கறுப்புக் கார் ஒன்றின் முன்கதவு இப்போது என் முன்னால் நிற்கிறது. கதவின் விரிந்த பரப்பை மெஷினால் தேய்த்து முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. கைப்பிடிக்குப் பின்னால், விரல் நுழைவதற்காகக் கிண்ணம்போல் குழித்திருக்கிறார்களே, உள்ளங்கை அளவே உள்ள அந்த இடத்துக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் முடியவில்லை. பாளையங்கோட்டையில் காருக்குப் பெயிண்ட் அடித்துப் பாலிஷ் போடும் தொழிலில் 16 ஆண்டுகளாக இருக்கிறேன். பானெட்டும் கூரையும் பளபளப்பதைப் பார்த்துத்தான் வண்டிக்காரர்கள் மகிழ்கிறார்கள். ஆனால் ஒரு வேலைக்காரனின் கை எப்படிப்பட்டது என்று அறிய வேண்டுமென்றால் நான் பார்ப்பது இந்தக் குழியையும், கதவின் விளிம்பையும், ஹெட்லைட்டுக்கும் பானெட்டுக்கும் நடுவே உள்ள இரண்டு விரற்கடை இடத்தையும்தான்.

புதிதாக அடித்த பெயிண்டை எதற்காகத் தேய்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நிறத்துக்குமேல் கடைசியாக அடிக்கும் நிறமற்ற பூச்சுக்குக் கிளியர் கோட் என்று பெயர். ஸ்ப்ரே கன்னிலிருந்து வரும் அது கண்ணாடிபோல் படிவதில்லை. ஆரஞ்சுப் பழத் தோலைப்போலச் சிறுசிறு மேடுபள்ளங்களோடு இறுகுகிறது. தொழிலில் அதற்கு 'ஆரஞ்சு பீல்' என்றே பெயர். எங்கள் ஊருக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாக இறங்கும் காற்று குற்றாலத்தில் சாரலைத் தூவுகிறது. கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. எங்களுக்கு அது வெறும் புழுதியாக வந்து சேர்கிறது. தகரக் கொட்டகைக்குள் தார்ப்பாய் கட்டிப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைகளில், அந்த இரண்டு மாதங்களில் ஈரமான கிளியர் கோட்டின்மேல் தூசி உட்காராமல் தப்பிய பானெட்டை நான் கண்டதில்லை. எனவே இறுகிய கிளியர் கோட்டின் மேடுகளையும் தூசி மணிகளையும் நைசான எமரியால் அறுத்துச் சமன் செய்து, அந்த எமரி போட்ட கீறல்களைக் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையாலும் பாலிஷாலும் எடுத்துவிட வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் கையில், எமரியைச் சுழற்றித் தேய்க்கும் சாண்டர் மெஷின்.

நம்மிடம் இருக்கும் கனம் எவ்வளவு என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். கம்பெனியில் அடித்து வரும் காரில், இரும்பின்மேல் உள்ள மொத்தப் பெயிண்டும் பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் வரைதான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் பருமனே சுமார் 70 மைக்ரான் வரும். அந்த மொத்தத்தில் துருவைத் தடுக்க முக்கியெடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் ஆகிய அனைத்தும் போக, கிளியர் கோட்டுக்கு எஞ்சுவது 40 முதல் 50 மைக்ரான். அதுவும் முழுவதும் நம்முடையதன்று. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நிறத்தைக் காக்கும் பொருளைக் கிளியர் கோட்டில்தான் கலந்திருக்கிறார்கள். அதை மெலிய வைத்துவிட்டால் வண்டி அன்றைக்குப் பளபளக்கும். நம் ஊர் வெயிலில் சில கோடைகள் நின்றபின் கூரையிலும் பானெட்டிலும் வெளுத்து உரியத் தொடங்கும். ஆகையால் கம்பெனிப் பெயிண்டில் மொத்தமாகப் பத்து மைக்ரானுக்குமேல் எடுப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். எமரியில் நம்பர் கூடக் கூட மணி சிறிதாகும். 2000 நம்பர் எமரியில் உள்ள ஒரு மணியின் சராசரி அளவே 10.3 மைக்ரான், 1500 நம்பரில் 12.6 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கணக்கு எவ்வளவு குறுகலானது என்பது விளங்கும்.

விளிம்புக்கு வரும்போது இந்தக் குறுகலும் கிடைப்பதில்லை. ஈரமான பெயிண்டுக்குத் தன்னைத்தானே இழுத்துத் திரட்டிக்கொள்ளும் இயல்பு உண்டு. சமதளத்தில் அந்த இழுப்பு நமக்கு உதவி செய்து பரப்பை நிரவுகிறது. கூரான விளிம்பிலோ அதே இழுப்பு, பெயிண்டை முனையிலிருந்து இரு பக்கமும் விலக்கிவிடுகிறது. கதவின் நடுவில் அடித்த அதே கை, அதே கன், அதே பெயிண்டாக இருந்தாலும் முனையில் நிற்பது குறைவாகவே இருக்கும். பெயிண்ட் மெலிந்திருக்கும் அந்த இடத்தில்தான் மெஷினின் அழுத்தமும் ஒரே கோட்டில் வந்து குவிகிறது.

கனம் அளக்கும் மீட்டர் இருக்கிறதே என்று புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள் சொல்வார்கள். மீட்டர் நல்ல கருவிதான். என்னிடமும் இருக்கிறது, அது இல்லாமல் எந்த வண்டியையும் தொடுவதில்லை. ஆனால் அதன் முனை சமதளத்தில் முழுமையாக உட்கார்ந்தால்தான் சரியான எண்ணைக் காட்டும். விளிம்புக்கு அருகில், அடியிலுள்ள இரும்பு முடிந்துவிடுவதால் அளவு பிசகுகிறது. குழிவிலும் முனை சரியாகப் படியாது. பிளாஸ்டிக் பம்பரில் இந்த வகை மீட்டர் ஒன்றுமே சொல்லாது, ஏனெனில் அது அடியில் உலோகம் இருப்பதை வைத்து அளக்கும் கருவி. போதாக்குறைக்கு அது சொல்வது மொத்தக் கனத்தை; அதில் கிளியர் எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. 250 மைக்ரான் காட்டும் கதவில், யாரோ முன்பு பிரைமரையும் நிறத்தையும் கனமாக அடித்துவிட்டுக் கிளியரை மெல்லியதாக ஓட்டியிருக்கலாம். எங்கே நமக்கு எண் மிகவும் தேவையோ, அங்கே மீட்டர் பேசாது. அந்த இடத்தில் நம் தீர்மானம் மட்டுமே துணை.

அதை நான் கற்றது ஓர் அடர்நீலக் காரில். தொழிலுக்கு வந்து நான்காம் ஆண்டு. பட்டறை என்னுடையதன்று, அண்ணாச்சியினுடையது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் கொண்டுவந்து விட்ட வண்டி அது. அதன் கதவுகளில், கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, முன்னிருந்து பின்வரை ஒரு கூரான மடிப்பு ஓடும். அண்ணாச்சி காலையிலேயே சொல்லிவிட்டார்: "ஏலே, மெஷின மடிப்புக்கு மேல ஏத்தி இறக்காத. மடிப்புக்கு இந்தப் பக்கம் தனி, அந்தப் பக்கம் தனின்னு வச்சுக்கோ." மூன்று கதவுகளில் அப்படியே செய்தேன். நான்காவதில், மாலை மங்கும் நேரத்தில், மடிப்பை ஒட்டிக் கொஞ்சம் சொரசொரப்பு எஞ்சியிருப்பதாகத் தோன்றியது. மெல்ல ஒருமுறை, குறுக்கே அன்று, மடிப்பின் நெடுகிலும்தான் ஓட்டினேன்.

கிளியர் கோட்டைத் தேய்க்கும்போது வழியும் தண்ணீர், அரிசி களைந்த நீர்போல் வெள்ளையாக இருக்கும். காரின் நிறம் எதுவானாலும் அது வெள்ளைதான், ஏனெனில் தேய்வது நிறமற்ற மேலடுக்கு. (பழைய அம்பாசடர்களில் கிளியர் இல்லாமல் நிறத்தையே ஒரே பூச்சாக அடித்திருப்பதுண்டு, அவற்றில் தொடக்கத்திலிருந்தே தண்ணீர் நிறமாகத்தான் வரும், அஞ்ச வேண்டியதில்லை.) அன்று மடிப்பின் கீழே வழிந்த வெள்ளை நீரில், கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும், மிக மெல்லிய நீலம் கலந்திருந்தது. துடைத்தேன். ஈரமாக இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. கதவு முன்னைப்போலவே அடர்நீலமாக நின்றது. காய்ந்ததும் மடிப்பின் முதுகில் வேப்பிலை வடிவத்தில் ஒரு மங்கல் எழுந்து வந்தது. அதைச் சுற்றிலும், எங்கே கிளியர் முடிந்து நிறம் வெளிப்பட்டதோ அங்கே, கோடு போட்டதுபோல ஒரு கரை. எந்தக் காம்பவுண்டும் அதை எடுக்காது. எடுப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.

மறுநாள் ஆசிரியர் வந்தபோது நானே போய்ச் சொன்னேன். "சார், என் கையால போயிட்டு. கதவு முழுசும் திரும்ப அடிச்சுத் தாரேன்." அவர் குனிந்து, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எத்தன நாளாவும்?" என்று மட்டும் கேட்டார். அந்த இடத்தில் மட்டும் கிளியர் அடித்து ஓரத்தை மழுப்பிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. மழுப்பிய கரை இன்றைக்குத் தெரியாது, சில வருடங்கள் கழித்து வெயிலில் அந்தக் கோட்டிலிருந்தே உரியத் தொடங்கும் என்பது அவருக்குத் தெரியும். கதவின் முழுப் பரப்புக்கும் நிறமும் கிளியரும் அடித்தோம். என் நான்கு நாள் கூலி அதில் போயிற்று.

அன்று எனக்கு விளங்காதது, பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது விளங்கியது. பெரிய மெஷினில் எமரியை ஒட்டும் வட்டத் தட்டான பேடு 150 மில்லிமீட்டர் விட்டமுடையது. அதன் பரப்பு சுமார் 177 சதுர சென்டிமீட்டர். இடுக்குகளுக்கென்று நாம் எடுக்கும் 75 மில்லிமீட்டர் பேடின் பரப்பு அதில் பாதி என்று தோன்றும். உண்மையில் கால் பங்கு, 44 சதுர சென்டிமீட்டர். பேனாபோல் பிடிக்கும் 32 மில்லிமீட்டர்ச் சிறு மெஷினில் வெறும் எட்டுதான். கையின் பாரத்தை மாற்றாமல் பெரிய மெஷினிலிருந்து 75-க்கு மாறினால் பெயிண்டின்மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்கு. 32-க்கு மாறினால் 22 மடங்கு. சிறிய மெஷின் என்றால் சாதுவானது என்று நம்பித்தான் பலர் விளிம்பில் கிளியரைத் தேய்த்தே போக்கிவிடுகிறார்கள். பெரிய பேடிலும் இதே ஆபத்து இன்னொரு வடிவில் இருக்கிறது. பேடின் பாதி விளிம்புக்கு வெளியே தொங்கினால், முழுப் பாரமும் உள்ளே இருக்கும் பாதியில் இறங்குகிறது. போதாததற்கு மெஷின் வெளிப்புறமாகச் சாய்ந்து, விளிம்பின் முனையே அதற்குத் தாங்குகோலாகிவிடுகிறது. ஆகவே பேடின் முழு வட்டமும் பரப்பின்மேல் இருக்கும் வரைதான் பெரிய மெஷினுக்கு இடம். அதற்கப்பால் சிறிய மெஷின். அதன் எடைகூட முழுவதும் இறங்காதபடி கையில் தாங்கிப் பிடித்து, குறைந்த வேகத்தில், நான்கைந்து விநாடிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துப் பார்த்து.

இந்த இடத்தில் மூத்த வேலைக்காரர்களோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. இடுக்கில் மெஷினே கூடாது, வாட்டர் பேப்பரை விரலில் சுற்றிக் கையால் தேய்ப்பதே பாதுகாப்பு என்பது அவர்கள் பிடிப்பு. அவர்களிடம்தான் நான் தொழில் படித்தேன். அவர்கள் கையின் பக்குவத்தை மதிக்கிறேன். ஆனால் விரல் நுனியைவிடக் குறுகலான பேடு வேறு எது? விரலுக்கும் விரலுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், அழுத்தம் விழும் இடத்தில் வாய்க்கால் விழுகிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்பு வண்டியில் அது வரிவரியாகத் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல், கை நேர்கோட்டில் போய்வருகிறது, ஒரே திசையில் ஆழமான கீறல்களைப் போடுகிறது. சுழன்றுகொண்டே மூன்று மில்லிமீட்டர் மட்டும் அலையும் சிறு மெஷின், மென்மையான ஸ்பாஞ்சுப் பேடோடும் 3000 நம்பர் வட்ட எமரி டிஸ்க்கோடும் போடும் கீறல் மிகவும் ஆழங்குறைந்தது, திசையற்றது. பாலிஷில் விரைவில் போய்விடும். இடுக்கில் இது ஏன் முக்கியம் என்றால், பாலிஷ் மெஷின் அங்கே நன்றாக நுழையாது. நடுக்கதவில் 1500 நம்பர் போட்ட கீறலைப் பெரிய கம்பளிப் பேடு வைத்து எடுத்துவிடலாம். கைப்பிடிக் குழியில் அதே கீறலைப் போட்டுவிட்டு எதை வைத்து எடுப்பது? தேய்ப்பதற்கு முன்னால் நான் முதலில் கையில் எடுப்பது எமரியை அன்று, பாலிஷ் பேடைத்தான். அதை அந்த இடுக்கில் வைத்துப் பார்த்து, அது தட்டாமல் சுழலக்கூடிய எல்லை எதுவோ, அதுவே தேய்ப்பதற்கும் எல்லை என்று வைத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் இடுக்கில் 2500-க்குக் கீழே இறங்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை.

ஸ்பாஞ்சுப் பேடு எங்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. குழிவில் அது பரப்போடு வளைந்து அழுத்தத்தைப் பரப்புகிறது. வெளிப்புறம் புடைத்த விளிம்பிலோ, அதே வளைதல் முனையின் மேலாகக் கவிந்து இரு பக்கத்தையும் ஒருசேர அறுக்கிறது. புடைப்புக்கு அருகில் சற்றுக் கெட்டியான பேடு, ஆனால் முனைக்கு முன்பே நின்றுவிடும் கை, குழிவுக்கு ஸ்பாஞ்சு.

நிற்கும் கையை நான் நம்புவதில்லை, டேப்பைத்தான் நம்புகிறேன். தண்ணீரில் தேய்க்கும் எமரியை 1921-ல் அமெரிக்காவில் திரீஎம் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், எமரி கொடுக்கப் போன கார்ப் பட்டறையில், இரண்டு நிறம் அடிக்கும் பெயிண்டர்கள் ஒட்டிய காகிதம் பெயிண்டோடு உரிந்து வருவதைப் பார்த்துவிட்டு, 1925-ல் மாஸ்கிங் டேப்பைச் செய்து கொடுத்தார். என் வேலை மேசையில் அருகருகே கிடக்கும் இந்த இரண்டு பொருள்களும் ஒரே கம்பெனியிலிருந்து கார்ப் பட்டறைக்கு வந்தவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. வண்டியைத் தேய்க்கத் தொடங்குமுன் கதவு விளிம்பு, பானெட் முனை, டிக்கி ஓரம், சக்கர வளைவின் உதடு, மடிப்பின் முதுகு என எல்லாவற்றிலும் டேப்பை ஒட்டிவிடுவேன். முனையிலிருந்து உட்புறமாக ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் மறைய வேண்டும். மெஷின் டேப்பில் ஏறினால் சத்தம் மாறும். அந்தச் சத்தமே எச்சரிக்கை. 2000 முடிந்ததும் டேப்பை எடுத்துவிட்டு, முனையை மூன்று மில்லிமீட்டர் மட்டும் மறைக்கும்படி புதிதாக ஒட்டி, 3000 நம்பரால் அந்தக் கரையை இரண்டு மூன்று முறை தடவிவிட்டால் படி தெரியாது. கடைசி மூன்று மில்லிமீட்டரைத் தேய்ப்பதே இல்லை.

அந்த மூன்று மில்லிமீட்டரில் ஆரஞ்சு பீல் அப்படியே இருக்கும். தெரிந்தே விட்டுவைக்கிறேன், வண்டிக்காரரிடம் சொல்லியும் விடுகிறேன். விளிம்பில் வெளிச்சம் வளைந்து உடைவதால் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது படுவதில்லை.

கழற்றக்கூடியதைக் கழற்றிவிடுவது, தேய்ப்பதைவிட நேரம் பிடிக்கும் வேலை என்றாலும், அதைத் தவிர்க்கக் கூடாது. கைப்பிடி, கண்ணாடிக்குக் கீழே உள்ள ரப்பர், நம்பர் பிளேட், ஹெட்லைட் ஆகியவை போய்விட்டால் இடுக்கில் பாதி இடுக்காக இராது. பம்பரின் ஜல்லடைப் பட்டைகளை நான் மெஷினால் தொடுவதே இல்லை. பிளாஸ்டிக்குக்குச் சூட்டைக் கடத்தத் தெரியாது, தேய்த்த இடத்திலேயே சூடு நின்று கிளியர் இளகிவிடும். கத்திரி வெயில் நாட்களில் இரும்பிலும் இதே நிலைதான். சூடேறிய கிளியர் பொடியாக உதிராமல் பிசினாகித் திரண்டு டிஸ்க்கில் ஒட்டுகிறது. அந்தத் துணுக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் சுருள் சுருளாகக் கீறிக்கொண்டே போகும். அதனால் சித்திரை, வைகாசியில் விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கி, வெயில் தகரத்தில் ஏறுமுன் தேய்ப்பை முடித்துவிடுகிறோம்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் கவலையில்லை. தாமிரபரணி நீர் தெளிவும் மென்மையும் உள்ளது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில், காய்ந்தபின் நிற்கும் வெள்ளைப் புள்ளிகள் கீறலைப் பார்க்க விடாது. ஆகவே ஆற்றுத் தண்ணீரைத் துணியால் வடிகட்டிப் பாட்டிலில் அடைத்து, ஒரு துளி ஷாம்பு கலந்து தெளிக்கிறேன். ஈரத்தோடு ஓட்டுவது காற்றில் இயங்கும் மெஷினாக இருக்க வேண்டும்; கரண்டு மெஷினோடு தண்ணீரைச் சேர்க்கக் கூடாது. உலர்வாகத் தேய்ப்பதென்றால் முகக்கவசம் அணியாமல் கொட்டகைக்குள் எந்தப் பையனையும் விடுவதில்லை.

கறுப்புக் காரின் குழிக்குத் திரும்புகிறேன். கைப்பிடியைக் கழற்றியதால் அது உட்காரும் இரண்டு துளைகளும் வெறுமையாகத் தெரிகின்றன. துளைகளின் கரை கூரானது. அங்கே டேப்பைச் சிறு துண்டுகளாகக் கிள்ளிச் சுற்றிலும் ஒட்டியிருக்கிறேன். குழியின் அடிப்பரப்பு 32 மில்லிமீட்டர் மெஷினுக்கு வாகாகக் கிடைத்தது. மேலே, கிண்ணத்தின் உதடு உட்புறமாக மடியும் இடத்தில் மட்டும், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் கொஞ்சம் சொரசொரப்பு தெரிகிறது. என்னோடு வேலை பார்க்கும் பையன் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, அங்கன இன்னும் கொஞ்சம் கெடக்கு. ஒரு தடவ ஓட்டிரட்டா?" என்று கேட்டான். பாலிஷ் பேடை அவன் கையில் கொடுத்து அங்கே வைத்துப் பார்க்கச் சொன்னேன். பேடின் ஓரம் உதட்டில் இடித்து நின்றது. அவன் மெஷினைக் கீழே வைத்துவிட்டு டேப்பை உரிக்கத் தொடங்கினான்.